விட்டத்துக்கு மேலே என்ன இருக்கிறது?

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் பழைய வீட்டு வயரிங் பற்றி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தீயைப் பற்றித்தான். "இப்படிப் பயமுறுத்தினால் ராத்திரி எப்படித் தூங்குவது" என்று ஒருவர் கோபித்துக்கொண்டிருக்கிறார். தூங்குங்கள், ஆனால் மெயின் சுவிட்சைப் பார்த்துவிட்டுத் தூங்குங்கள். கேள்விகளைச் சுருக்கி, பெயர்களை எடுத்துவிட்டு, ஊரை மட்டும் வைத்திருக்கிறேன். நான் இன்ஜினீயர் இல்லை. முப்பத்தைந்து வருஷம் காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் வயர் இழுத்தவன். அந்த அளவுக்கு நம்பினால் போதும்.

தேவகோட்டை வாசகி: என் பேரன் இங்கிலாந்தில் எக்ஸிடர் என்ற ஊரில் படிக்கிறான். ஊர் நடுவே, பெரிய தேவாலயத்துக்கு எதிரே ஒரு பழைய ஹோட்டல் எரிந்துபோன கதையைப் போனில் சொன்னான். தீயணைப்பு வண்டிகள் வந்து நிற்கும்போதே எரிந்ததாம். அது எப்படி? எங்கள் வீட்டைத் தங்கும் விடுதியாக மாற்ற மகன் பேசிக்கொண்டிருக்கிறான், அதனால்தான் கேட்கிறேன்.

ஆச்சி, பேரன் சொன்னது சரிதான். அது ராயல் கிளாரன்ஸ் ஹோட்டல். 1769-ல் கட்டியது. இங்கிலாந்திலேயே 'ஹோட்டல்' என்ற பெயரை முதலில் வைத்துக்கொண்டது எங்களுடையதுதான் என்று அந்த ஊர்க்காரர்களுக்குப் பெருமை. (நமக்கு ஹோட்டல் என்றால் இட்லி, அவர்களுக்குத் தங்குமிடம்.) 2016 அக்டோபர் 28 விடியற்காலையில் தீ பிடித்தது. முதலில் பிடித்தது ஹோட்டலில் இல்லை. அதே வரிசையில் வேலை நடந்துகொண்டிருந்த இன்னொரு கட்டடத்தின் மேல்மாடியில். வண்டிகள் வந்தன, தண்ணீர் அடித்தார்கள், அடங்குவது போலவும் இருந்தது. அப்புறம் பார்த்தால் ஹோட்டலுக்குள் புகை. தங்கியிருந்தவர்கள் எல்லாரும் உயிரோடு வெளியே வந்துவிட்டார்கள், அந்த ஒரு புண்ணியம். கட்டடம் தப்பவில்லை. உள்ளே தளங்கள் சரிந்தன, முகப்பிலும் ஒரு பகுதி விழுந்தது.

தீ எந்த வழியாகப் போனது என்பதுதான் நீங்கள் மகனிடம் சொல்ல வேண்டிய விஷயம். அந்த வரிசைக் கட்டடங்கள் பல நூற்றாண்டுகளாக ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு வளர்ந்தவை. ஒவ்வொரு தலைமுறையும் பழைய சுவர் மேல் ஒரு பலகை அடித்திருக்கும், பழைய கூரைக்குக் கீழே ஒரு சீலிங் போட்டிருக்கும், பழைய கதவை அடைத்துப் பூசியிருக்கும். அப்படி மூடிய ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பொந்து. பொந்துக்குள் காய்ந்த மரம், தூசி, காற்று. வெளியில் நின்று தண்ணீர் அடிக்கிறவனுக்கு அது தெரியாது. தீ அந்தப் பொந்துகள் வழியாகவே ஓடி எங்கோ போய்த் தலை நீட்டும்.

நம்ம செட்டிநாட்டு வீடுகளில் இந்தக் கோளாறு பிறவியிலேயே கிடையாது. முழங்கை நீளத்துக்குக் கனமான செங்கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, கீழே ஆத்தங்குடிக் கல் (பூப்போட்ட தரை ஓடு). விட்டமும் பலகையும் அண்ணாந்து பார்த்தால் அப்படியே கண்ணுக்குத் தெரியும், ஒளிவு மறைவு இல்லை. அடுப்படியைப் பாருங்கள், முகப்பு, வளவு (அறைகள் சூழ்ந்த நடு முற்றம்), இரண்டாங்கட்டு எல்லாம் தாண்டிக் கடைசியில் வைத்தார்கள். நெருப்பு இருக்கிற இடம் ஒரு கோடி, ஆள் படுக்கிற இடம் ஒரு கோடி. விடுதி ஆக்குகிறவர்கள் செய்கிற முதல் காரியம் என்ன தெரியுமா? ஏசி குளிர் நிற்க வேண்டும் என்று விட்டத்தை மறைத்து ஃபால்ஸ் சீலிங் போடுவது. எக்ஸிடர்காரர்களுக்கு இருநூற்றைம்பது வருஷம் பிடித்ததை நாம் பதினைந்து நாளில் முடித்துவிடுகிறோம்.

அந்த சீலிங்குக்கு மேலே நான் ஏறிப் பார்த்திருக்கிறேன். அணில் கூடு, குருவிக் கூடு, காய்ந்த வைக்கோல், வௌவால் எச்சம், அதன் நடுவே வயர். ஒரு விடுதியில் (ஊர் வேண்டாம்) மூன்று நாளாக ஏதோ தீய்ந்த வாடை வருகிறது என்று கூப்பிட்டார்கள். தங்கியிருந்தவர்கள் அது சாம்பிராணி என்று நினைத்து, நல்லா இருக்கிறது என்று பாராட்டியிருக்கிறார்கள்! மேலே போய்ப் பார்த்தால் ஏசி லைனில் ஒரு ஜாயின்ட். கனெக்டர் இல்லை, வெறும் முறுக்கு, மேலே ஒரு சுற்று டேப். டேப் உருகி, பக்கத்துப் பலகையில் உள்ளங்கை அகலத்துக்குக் கரி. பலகை கனத்த தேக்கு, அதனால் கரியோடு நின்றது. அரை அடி தள்ளிக் கூடு இருந்தது. அரை அடி.

மகன் விடுதி போடட்டும், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பூட்டிக் கிடந்து கரையான் தின்பதைவிட நாலு பேர் வந்து தங்குவது மேல். ஆனால் விட்டத்தை மறைக்க வேண்டாம். மறைத்தே தீர வேண்டுமானால் ஒவ்வொரு அறைக்கும் மேலே ஆள் தலை நுழைகிற அளவு திறப்பு ஒன்று, அதற்குள்ளேயே ஒரு ஸ்மோக் டிடெக்டர். சுவர் அறைக்கு அறை கூரைப் பலகை வரை போய் முட்ட வேண்டும், சீலிங்கோடு நிற்கக் கூடாது. ஏசி ஒவ்வொன்றுக்கும் போர்டிலிருந்து தனி லைன், தனி எம்.சி.பி. (லோடு மீறினால் தானாக அணைகிற சுவிட்ச்). ஒன்றரை டன் ஏசி ஏழெட்டு ஆம்பியர் இழுக்கும், அதை உங்கள் மாமனார் காலத்து ஐந்து ஆம்பியர் லைனில் மாட்டினால் ஃபியூஸ் போகும், ஃபியூஸ் போனால் யாராவது தடித்த கம்பியைக் கட்டுவான், அப்புறம் எரிய வேண்டியது ஃபியூஸ் இல்லை, வீடு.

பள்ளத்தூர் வாசகர்: பர்மாத் தேக்கு தீப்பிடிக்காது என்று எங்கள் ஆசாரி அடித்துச் சொல்கிறார். உண்மையா?

பர்மாவிலேயே பிடித்திருக்கிறது அண்ணே. நம்ம ஐயாமார் கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து வியாபாரம் செய்ய, போன அதே ரங்கூனில், ஏரிக்கரையில் காண்டவ்ஜி பேலஸ் என்று ஒரு ஹோட்டல், தேக்காலேயே இழைத்தது. 2017 அக்டோபர் 19 அன்று விடிவதற்குள் எரிந்தது. ஒருவர் இறந்தார். மற்றவர்களை வெளியேற்ற முடிந்தது, கட்டடத்தைக் காப்பாற்ற முடியவில்லை.

ஆசாரி சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். கனமான மரம் லேசில் விழாது. மேலே எரிந்து கரியானதும் அந்தக் கரியே உள்ளே சூடு போகாமல் தடுக்கும். தேக்கு மாதிரிக் கெட்டி மரத்தில் தீ நிமிஷத்துக்குச் சுமார் அரை மில்லிமீட்டர்தான் உள்ளே போகும். உங்கள் பட்டாலை (முன்கட்டுக் கூடம்) தூண் பத்து அங்குலக் கனம் என்றால், அரை மணி நேரம் எரிந்தாலும் பக்கத்துக்கு ஒன்றரை சென்டிமீட்டர்தான் போயிருக்கும், தூண் நிற்கும். இரும்பு கர்டர் அப்படி இல்லை, அறுநூறு டிகிரிச் சூட்டை நெருங்கும்போதே பாதி பலம் போய் வளைந்துவிடும். அதனால் மரத்தூணை எடுத்துவிட்டு இரும்பு கொடுத்தால் பத்திரம் என்று நினைக்காதீர்கள்.

ஆனால் அதெல்லாம் தூணுக்கும் உத்திரத்துக்கும்தான். மச்சுப் பலகை, மாடிப்படி, மெல்லிய ஜன்னல் சட்டம், ஓட்டுக்கு அடியில் இருக்கும் ரீப்பர், இதெல்லாம் சுள்ளிதான். மரம் நல்ல ஜாதியா என்று தீ விசாரிக்காது, ஒல்லியா தடியா என்றுதான் பார்க்கும்.

இன்னொன்று, ஆசாரி வந்திருப்பதால் கேட்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் கதவு நிலைக்கெல்லாம் ஆளிவிதை எண்ணெய் கலந்த பாலிஷ் போடுகிறார்களே, துடைத்த துணியை என்ன செய்கிறார்கள்? பந்தாகச் சுருட்டி மூலையில் போட்டால் அது தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும். தீக்குச்சி வேண்டாம், பீடி வேண்டாம். விரித்துக் காயப் போடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் வாளியில் முக்கி வையுங்கள். இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள்.

காரைக்குடி வாசகர்: வளவுக்கு மேலே பாலிகார்பனேட் ஷீட் போட்டுவிட்டோம். மழைத் தொல்லை இல்லை, புறாத் தொல்லை இல்லை. மாதம் பத்துப் பதினைந்து விருந்தாளிகள் தங்குகிறார்கள். நீங்கள் போன இதழில் 'வளவை மூடாதீர்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். ஏன்?

ஒரே வரியில் முடித்தது தப்புத்தான். தீயில் சாகிறவர்களில் பெரும்பாலோர் வெந்து சாவதில்லை, புகையில் மூச்சு முட்டிச் சாகிறார்கள். திறந்த வளவு இருந்தால் புகைக்கு வானம் வழி. மூடிவிட்டால் மேலே போன புகை தட்டித் திரும்பி, வளவைச் சுற்றி இருக்கிற அத்தனை அறைக்குள்ளும் இறங்கும். நம்ம அறைகளுக்கெல்லாம் வாசல் வளவுப் பக்கம்தானே.

அமெரிக்காவில் அட்லாண்டா நகரத்தின் நடு வீதியில் வைன்காஃப் என்று ஒரு ஹோட்டல், பதினைந்து மாடி, 1913-ல் திறந்தது. தீப்பிடிக்காத கட்டடம் என்றே விளம்பரம் செய்தார்கள். 1946 டிசம்பர் 7 விடியற்காலை தீப்பிடித்தது. 119 பேர் இறந்தார்கள். வேடிக்கை என்னவென்றால் (வேடிக்கை என்று சொல்லக் கூடாது) விளம்பரம் பொய் இல்லை, கட்டடம் விழவே இல்லை! இன்றைக்கும் நிற்கிறது, வேறு பெயரில் ஹோட்டலாகவே நடக்கிறது. இறங்க இருந்தது ஒரே படிக்கட்டு, அதுவும் கதவில்லாமல் திறந்து கிடந்தது, புகையும் அனலும் அது வழியாகவே மாடி மாடியாக ஏறிவிட்டன. அறைக் கதவுகளுக்கு மேலே காற்றுக்காக வைத்த திறப்புகள் வழியே உள்ளே புகுந்தது. நம்ம கதவு நிலைக்கு மேலேயும் அப்படிக் கம்பி போட்ட திறப்பு இருக்கிறது, கவனியுங்கள்.

உங்கள் ஷீட்டைப் பிடுங்கிப் போடச் சொல்லவில்லை. ஓட்டு விளிம்பிலிருந்து இரண்டு மூன்று அடி உயர்த்தி, நாலு பக்கமும் திறந்துவிடுங்கள். புறாவுக்குக் கம்பி வலை போதும். சாரல் கொஞ்சம் அடிக்கும். அடிக்கட்டும், அதற்குத்தானே வளவில் கல் தளமும் தண்ணீர் போகிற வழியும் வைத்தார்கள்.

கையோடு இன்னொன்று கேட்கிறேன், பின்கட்டுக் கதவு எப்படி இருக்கிறது? நம்ம வீட்டில் முன்வாசலில் நின்றால் பின்வாசல் தெரியும், ஒரே நேர்கோடு, இந்தத் தெருவில் நுழைந்து அந்தத் தெருவில் வெளியேறலாம். இந்தக் காலத்து லாட்ஜ்களில் கூட இவ்வளவு நல்ல வழி கிடையாது. ஆனால் நான் போன விடுதிகளில் பாதியில் பின்கதவில் பூட்டு, சாவி மேனேஜர் வீட்டில். சாமான் திருடு போகிறதாம். உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்கிற தாழ்ப்பாள் போடுங்கள். திருடு போனால் ஒரு குத்துவிளக்கு போகும்.

கானாடுகாத்தான் வாசகர்: ஊருக்கு நடுவே ஊருணி, வீட்டுக்கு வீடு கிணறு. தண்ணீருக்கு நமக்கென்ன பஞ்சம்?

பங்குனி, சித்திரையில் ஊருணியைப் பார்த்துவிட்டு இந்தக் கேள்வியை இன்னொரு தடவை கேளுங்கள்.

சான்பிரான்சிஸ்கோவில் பேலஸ் ஹோட்டல் என்று ஒன்று, 1875-ல் திறந்தது. நடுவே பிரம்மாண்டமான முற்றம், அதற்கு மேலே கண்ணாடிக் கூரை, கட்டடத்துக்கு அடியில் சொந்தத் தண்ணீர்த் தொட்டி, மொட்டைமாடியிலும் தொட்டிகள். தீயை நினைத்தே கட்டியது. 1906 ஏப்ரல் 18 பூகம்பத்தில் அசையாமல் நின்றது. அப்புறம் ஊரெல்லாம் எரிந்தபோது தொட்டித் தண்ணீர் தீர்ந்துவிட்டது, அன்றைக்கே எரிந்துபோனது. (மறுபடி கட்டி 1909-ல் திறந்தார்கள், அது வேறு கதை.) தொட்டி இருப்பதும் தொட்டியில் தண்ணீர் மிஞ்சுவதும் ஒன்றில்லை.

நம்ம பக்கம் தீயணைப்பு வண்டி ஒன்று சாதாரணமாக 4,500 லிட்டர் கொண்டுவரும். முழு வேகத்தில் அடித்தால் அது சில நிமிஷத்துக்குத்தான். அடுத்த லோடுக்கு எங்கே போவது என்று அவர்கள் உங்களைத்தான் கேட்பார்கள். அதனால் வளவு மழைத் தண்ணீரைத் தொட்டியில் பிடிக்கிற பழைய வழக்கத்தை விடாதீர்கள், கிணற்று மோட்டாருக்கு வீட்டு மெயினைச் சாராத தனி லைன் வையுங்கள். தீ என்றதும் முதலில் மெயினை அணைப்போம் இல்லையா, அதோடு மோட்டாரும் நின்றுபோனால் கிணறு இருந்து என்ன? 101-க்குப் போன் போட்டதும் ஓர் ஆள் தெருமுனைக்குப் போய் நிற்கட்டும், ஊர் நுழைவு வளைவில் வண்டி நுழையுமா என்று இப்போதே அளந்து வையுங்கள்.

ஒன்றை மறந்துவிட்டேன். சூடேறிய கல் தூண் மேல் தண்ணீரைப் பீய்ச்சினால் அது வெடிக்கலாம். தண்ணீர் படாவிட்டாலும் கருங்கல் ஒரு அளவுக்கு மேல் சூடு தாங்காது, சில்லுச் சில்லாகத் தெறிக்கும். மதுரை மீனாட்சி கோயிலில் 2018 பிப்ரவரி 2 அன்று வீரவசந்தராயர் மண்டபத்தில் கடைகள் எரிந்தபோது கல் மண்டபம் என்ன ஆனது என்று நாம் எல்லாரும் பார்த்தோம். கல்லுக்கு என்ன ஆகும் என்று அலட்சியமாக முகப்பில் பந்தல் துணியும் பிளாஸ்டிக் நாற்காலியும் அடுக்கி வைக்காதீர்கள்.

கோட்டையூர் வாசகி: வீடு பங்காளிகள் பதினோரு பேருக்குப் பொது. தீ இன்ஷூரன்ஸ் எடுக்கலாம் என்றால் "இருபது லட்சத்துக்குப் போடு போதும்" என்கிறார் ஒருவர். போதுமா?

இன்ஷூரன்ஸ் என் தொழில் இல்லை, தெரிந்தவர்களிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். போதாது ஆச்சி. கணக்கு இப்படி: மறுபடி கட்ட நாலு கோடி ஆகிற கட்டடத்தை ஒரு கோடிக்கு இன்ஷூர் செய்திருக்கிறீர்கள், நாற்பது லட்சத்துக்குச் சேதம் என்று வைத்துக்கொள்வோம். சேதம் ஒரு கோடிக்குள்தானே, நாற்பதும் வரும் என்று நினைப்போம். வராது. நாலில் ஒரு பங்குக்குத்தானே பிரீமியம் கட்டினீர்கள், நாலில் ஒரு பங்குதான், பத்து லட்சம். தொழில் கட்டடங்களுக்கு இந்த விதி உண்டு, சின்னப் பாலிசிகளில் 15 சதவீதம் வரைக்கும் குறைவிருந்தால் விட்டுவிடுவார்கள், அதற்கு மேல் கை வைப்பார்கள்.

2021 ஏப்ரலிலிருந்து வீட்டுக்கு 'பாரத் கிருஹ ரக்ஷா' என்று ஒரு பாலிசி இருக்கிறது, அதில் இந்த வெட்டு கிடையாது. ஆனால் அது குடியிருக்கிற வீட்டுக்கு. ஆன்லைனில் அறை வாடகை போட்டுவிட்டு வீட்டுப் பாலிசி வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். தீப்பிடித்த மறுநாள் இன்ஷூரன்ஸ் சர்வேயர் வந்து வரவேற்பு மேஜையையும் அறைச் சாவி எண்களையும் பார்ப்பாரா மாட்டாரா? உண்மையைச் சொல்லித் தொழில் பாலிசியாகவே எடுங்கள். பதினோரு பேருடைய பெயரும் பங்கும் அதில் வரட்டும். முன்னோருக்குப் படையல் போடுகிற படைப்புக்கு எல்லாரும் கூடுவீர்களே, அன்றைக்குப் பேசி முடித்துவிடுங்கள், சாப்பாட்டுக்கு முன்னால்.

திருப்பத்தூர் வாசகர்: எரிந்துபோனதை அச்சு அசலாகத் திரும்பக் கட்டினால் அது பழைய கட்டடம்தானா?

எனக்கு இதில் பிடிவாதமான அபிப்பிராயம் எதுவும் இல்லை. சிம்லா பக்கத்தில் வைல்ட்ஃபிளவர் ஹால் என்று ஒரு பழைய ஹோட்டல் 1993-ல் எரிந்தது, 2001-ல் அதே இடத்தில் புதிதாகத் திறந்தார்கள். போகிறவர்கள் ரசித்துவிட்டுத்தான் வருகிறார்கள். சென்னை மவுண்ட் ரோடு ஸ்பென்சர் 1983-ல் எரிந்தது, அந்த இடத்தில் வந்ததைப் பார்த்திருப்பீர்கள். சேப்பாக்கம் அரண்மனையில் கலச மஹால் 2012 ஜனவரியில் எரிந்தபோது சுவர்கள் நின்றதால் சுண்ணாம்பு வேலையாகவே மீட்டார்கள். எக்ஸிடர் ஹோட்டல்? பல வருஷம் சாரத்துக்குள்ளேயே நின்றது, திரும்ப ஹோட்டலாகக் கட்டுகிறோம் என்றார்கள், கைமாறியது, கடைசியில் அடுக்குமாடி வீடுகளாகத் திட்டம் மாறிவிட்டது.

எப்படிக் கட்டுவதானாலும் பழையது எப்படி இருந்தது என்று தெரிந்தால்தானே கட்ட முடியும். உங்கள் வீட்டுத் தூண் போதிகை (தூணின் தலைப்பகுதி) என்ன உயரம்? எத்தனை தினுசு ஆத்தங்குடிக் கல், எந்த அறையில் எது? நிலைப்படியில் லட்சுமிக்குப் பக்கத்தில் செதுக்கியிருப்பது கிளியா அன்னமா? டேப்பையும் போனையும் எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பேரப்பிள்ளைகளை இறக்கிவிடுங்கள். படங்களை வீட்டுக் கம்ப்யூட்டரில் மட்டும் வைக்காமல் சிங்கப்பூரில் இருக்கிற பங்காளிக்கும் அனுப்பி வையுங்கள். உண்மையைச் சொன்னால் நம்ம பக்கம் தீயில் போன தூணைவிட முனீஸ்வரன் கோயில் தெரு பழைய சாமான் கடைக்குப் போன தூண்தான் அதிகம், அதற்கும் இந்தப் படம்தான் சாட்சி.

புதுவயல் வாசகர்: திண்ணையில் சிவப்புத் தீயணைப்பான் தொங்குவது போட்டோவைக் கெடுக்கிறது என்கிறார் மருமகள். உள்ளே ஸ்டோர் ரூமில் வைத்துவிடலாமா?

வேண்டாம். ஸ்டோர் ரூமில் ஏற்கெனவே எத்தனை இருக்கிறது என்று முதலில் எண்ணுங்கள், ஒன்றாவது அங்கே போயிருக்கும். அதன் மீட்டர் முள் பச்சையில் நிற்கிறதா என்றும் பாருங்கள். மருமகள் போட்டோவில் அதை வெட்டிக்கொள்ளட்டும், இப்போது எல்லாப் போனிலும் அந்த வசதி இருக்கிறது.